வாகனம் கேள்வி பதில்: முகப்பு விளக்கும் எதிரே வருபவர் கண்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரவு ஓட்டத்தையும் முகப்பு விளக்கையும் பற்றியவை. மின்வெட்டினால் தெருவிளக்கு எரியாத இரவுகள் மிகுந்துவிட்ட இக்காலத்தில் அதில் வியப்பில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, விளக்கைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் பழைய டொயோட்டா புரோபாக்ஸ் வண்டி ஒன்று உள்ளது. வாரத்தில் இரண்டு நாள் ரங்கூனிலிருந்து பெகுவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று இரவில் திரும்புகிறேன். சாலையின் வலது ஓரத்தில் நடந்து போகிறவர்கள் மிக அருகில் வந்த பிறகே தெரிகிறார்கள். கடைக்காரர் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போடச் சொல்கிறார்; பத்து நிமிட வேலைதான் என்கிறார். எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசும் என்று என் மனைவி தடுக்கிறார். என்ன செய்யலாம்? (தாமுவே வாசகர்)

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் குறையும் மெய்யானது. வலது ஓரம் தெரியவில்லை என்றால் பல்பைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் அந்த விளக்கு நம் நாட்டுச் சாலைக்காகச் செய்யப்பட்டதே அன்று. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் நாட்டில் இரவில் கண் கூசுவதற்கான முதற்காரணம் இதுவே என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

1970 டிசம்பர் 6ஆம் நாள் வரை பர்மாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடின. அன்று முதல் வலப்பக்கம் ஓடுகின்றன. நான் அப்போது சிறுவன். சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்று என் தந்தையார் பல நாள் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். ஜப்பானிலோ இன்றும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுகின்றன. 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டு இறக்குமதி உரிமம் பெறும் திட்டம் வந்த பிறகு ஜப்பானின் பழைய கார்கள் இங்கே வந்து குவிந்தன. அவற்றின் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதைக் குழந்தைகூடக் கவனிக்கும். விளக்கின் ஒளியும் அந்நாட்டுச் சாலைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கவனித்தவர் மிகச் சிலர்.

டிம் விளக்கின் ஒளியைச் சுவரில் அடித்துப் பாருங்கள். மேற்புறத்தில் ஒரு கோடு கிழித்தது போல ஒளி முடியும்; அதற்கு மேலே இருட்டாக இருக்கும். அந்தக் கோடு முழுவதும் நேராக இருப்பதில்லை. எதிரே வண்டி வரும் பக்கத்தில் தாழ்ந்தும், நடைபாதைப் பக்கத்தில் ஏறத்தாழ 15 பாகை மேல்நோக்கி ஏறியும் இருக்கும். எதிரே வருபவர் கண்ணில் படாமலும், ஓரத்தில் நடப்பவரையும் பெயர்ப்பலகையையும் தொலைவிலேயே காட்டவும் செய்த ஏற்பாடு அது. ஜப்பானில் நடைபாதை இடப்பக்கம், ஆகவே அங்கே செய்த விளக்கு இடப்பக்கம் ஏறும். நம் சாலையில் அந்த இடப்பக்கத்தில்தான் எதிர்வண்டி வருகிறது. காட்ட வேண்டிய வலது ஓரத்தை இருட்டில் விட்டுவிட்டு, காட்டக் கூடாத கண்ணில் ஒளியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது உங்கள் விளக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விளக்கு தரையிலிருந்து 65 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், 10 மீட்டர் தொலைவுக்கு 10 செண்டிமீட்டர் தாழும்படி முறையாகத் திருத்தப்பட்டிருக்கிறது என்றும் கொள்வோம். எதிர்வண்டியின் ஓட்டுநர் உங்கள் நேர்கோட்டிலிருந்து மூன்றரை மீட்டர் இடப்பக்கம் வருகிறார். அவர் இருக்கும் இடத்தில், ஏறிச் செல்லும் அந்த ஒளி விளிம்பு தாழ்ந்த கோட்டைவிட ஏறத்தாழ 94 செண்டிமீட்டர் மேலே நிற்கும். அவர் 100 மீட்டர் தொலைவில் இருக்கும்போது அந்த விளிம்பு தரையிலிருந்து 60 செண்டிமீட்டர்தான், கண்ணில் படாது. 50 மீட்டருக்கு வரும்போது அது 1 மீட்டர் 9 செண்டிமீட்டராகிவிடும். சிறிய காரில் அமர்ந்திருப்பவரின் கண் உயரம் அதுவே. ஆக, உங்கள் விளக்கு சரியாகத் திருத்தப்பட்டிருந்தாலும் கடைசி 50 மீட்டர் முழுவதும் அவர் கண் உங்கள் ஒளிக்குள் இருக்கிறது.

இப்போது கடைக்காரர் சொல்லும் பல்புக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருப்பது எச்4 என்னும் ஹாலஜன் பல்பு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். அதன் டிம் இழை ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள். அதற்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிண்ணம் ஒளி பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் விழாமல் தடுப்பதால்தான் மேலே இருட்டும் கீழே ஒளியுமாகப் பிரிகிறது. இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதைக் கொண்டே பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் வகுக்கப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. பல்பிலோ ஒரு தகட்டின் இரு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். ஒளி பக்கவாட்டில் மிகுதியாகவும் மேலும் கீழும் குறைவாகவும் போகிறது. தகட்டின் கனத்தினால் ஒளி பிறக்கும் இடமும் விலகிவிடுகிறது. ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளி விளிம்பு கலைந்து, மேலே சிதறும் ஒளி பெருகும்.

ஆனால் ஓட்டுநருக்கு அது தெரியாது. வண்டியின் முன்னே பத்துப் பதினைந்து மீட்டர் தரை பளிச்சென்று வெளுத்திருப்பதைப் பார்த்து விளக்கு நன்றாகிவிட்டது என்று மகிழ்கிறார். அருகில் உள்ள தரை மிகவும் வெளிச்சமானால் கண்ணின் பாவை சுருங்கும். தொலைவில் இருட்டில் நிற்பவரைக் காண்பது முன்னைவிடக் கடினமாகும். வலது ஓரமும் முன்போலவே இருட்டாக இருக்கும். இன்னும் கூடுதல் ஒளி வேண்டும் என்று தோன்றும். எதிரே வருபவரோ உங்கள் ஒளியில் கண் கூசி, தாமும் அதே கடைக்குப் போகிறார். பெகு சாலையில் ஆண்டுக்காண்டு விளக்குகள் வெளுத்துக்கொண்டே போவதும், இரவில் எவருக்கும் சரியாகக் கண் தெரியாததும் ஒன்றாகவே நடப்பது இப்படித்தான்.

எல்.இ.டி. என்ற தொழில்நுட்பத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்கென்றே வகுத்த விளக்குக் கூட்டில் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. ஹாலஜன் கூட்டில் பொருத்துவதற்கென்று ஆஸ்ராம் நிறுவனம் செய்த ஒரு பல்புக்கு 2020இல் ஜெர்மனி அனுமதி அளித்தது. அதுவும் ஒவ்வொரு கார் மாதிரியாகச் சோதித்து, பட்டியலில் உள்ள மாதிரிகளுக்கு மட்டுமே. நம் கடைத்தெருவில் பெயரில்லாத அட்டைப் பெட்டியில் வரும் பல்பு அப்படிப்பட்டதன்று.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் இருக்கும். விளக்கை எரியவிட்டுப் பல்பின் சாக்கெட்டில் அளந்தால் எவ்வளவு வருகிறது என்று மீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் சுவிட்சும் மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு வோல்ட்டை விழுங்கிவிடுகின்றன. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். பேட்டரியிலிருந்து நேராகக் கனமான ஒயர் இழுத்து, ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சு) வைத்து, எர்த்தைச் சுரண்டித் துப்புரவாக்கிப் போட்டால், அதே பழைய பல்பு புதிதுபோல் எரிவதை நீங்களே காண்பீர்கள். அதன்பின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நல்ல நிறுவனத்தின் 60/55 வாட் பல்புகளை மாற்றுங்கள். 100/90 வாட் பல்பு வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டத்துக்கு அந்த ஒயரிங் தாங்காது, பிரதிபலிப்பானின் பூச்சும் கருகும்.

அடுத்து, ஏறிச் செல்லும் அந்த ஒளியைத் தடுக்க வேண்டும். பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் கடல் கடந்து பிரான்சுக்குப் போகும்போது, அங்கே இருக்கும் சில நாட்களுக்காகவே விளக்கின் மீது ஒட்டுப்பட்டை ஒட்டிக்கொண்டு போகிறார்கள். நாமோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டாமல் ஓட்டுகிறோம். அந்தி நேரத்தில் வண்டியைச் சுவருக்கு நேராக 10 மீட்டர் தொலைவில் நிறுத்தி, டிம் போட்டு, ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு, மற்ற விளக்கின் கண்ணாடிமேல் ஒரு சிறிய அட்டைத் துண்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். சுவரில் இடப்பக்கம் ஏறியிருக்கும் ஒளி எந்த இடத்தில் அட்டையை வைத்தால் மறைகிறதோ அந்த இடத்தைக் குறித்து, வெப்பம் தாங்கும் ஒட்டுப்பட்டையை அந்த அளவுக்கு மட்டும் வெட்டி ஒட்டுங்கள். அரைமணி நேரம் எரியவிட்டு, கண்ணாடி அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் இந்தச் சோதனை கட்டாயம். கடைசியாக விளக்கின் சாய்வைத் திருத்த வேண்டும். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: பட்டறையில் விளக்கைத் திருத்தும் கருவி இல்லை. சுவரில் பார்த்துத் திருத்துவதற்கு அளவு என்ன? (பெகுவில் வேலை பழகும் இளைஞர்)

பதில்: தம்பி, கருவி இல்லாமலேயே நன்றாகத் திருத்தலாம், தரை மட்டமாக இருப்பதுதான் முக்கியம். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமரட்டும், பின்னால் வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிவையுங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்பகுதி வரை அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டி நிற்கும்போது, டிம் ஒளியின் தாழ்ந்த, நேரான விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 செண்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இதையே ஒரு விழுக்காட்டுச் சாய்வு என்பார்கள். லாரி, பெரிய ஜீப் முதலியவற்றில் விளக்கு ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால் ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை சாய்க்கச் சொல்கின்றன.

வலப்பக்க ஸ்டியரிங் உள்ள ஜப்பான் வண்டியில், ஏறும் ஒளியை ஒட்டுப்பட்டையால் மறைக்க முடியாவிட்டால், ஒரு விழுக்காட்டுக்குப் பதிலாக ஒன்றரை விழுக்காடு சாய்த்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டால், எதிரே வருபவர் கண் ஒளிக்குள் வரும் தொலைவு 50 மீட்டரிலிருந்து 33 மீட்டராகக் குறையும். அவ்வளவு அருகில் வரும்போது உங்கள் விளக்கு அவருடைய நேர்ப்பார்வையிலிருந்து பக்கவாட்டில் விலகிவிடுவதால் கூச்சமும் தணியும். இதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. நேரான விளிம்பு தரையைத் தொடும் இடம் 65 மீட்டரிலிருந்து 43 மீட்டராகச் சுருங்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், கண்டு உணர்ந்து பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ 35 மீட்டர் போதும். 80 கிலோமீட்டர் என்றால் 70 மீட்டர் வேண்டும். அந்த வேகத்துக்கு ஒரு விழுக்காட்டுச் சாய்வே போதாது. வண்டியை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

புரொஜெக்டர் வகை விளக்குக்கு ஒட்டுப்பட்டை பயன்படாது. அதன் உருண்டைக் கண்ணாடியின் ஒவ்வொரு பகுதியும் முழு ஒளிப்படத்தையும் சுமப்பதால், எங்கே ஒட்டினாலும் மொத்த வெளிச்சம் குறையுமே தவிர ஏற்றம் மறையாது. உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுதான் அந்த விளிம்பை உண்டாக்குகிறது. சில மாதிரிகளில் அதை இடம் மாற்றும் சிறிய நெம்புகோல் பின்புறம் இருக்கும். கூட்டைத் திறப்பதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளுக்கு வலப்பக்கச் சாலைக்கான விளக்குக் கூடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்: ஹோண்டா ஃபிட் அங்கே ஜாஸ் என்ற பெயரிலும், டொயோட்டா விட்ஸ் அங்கே யாரிஸ் என்ற பெயரிலும் விற்பனையாயின. மோதி உடைந்த விளக்கை மாற்ற வரும் வாடிக்கையாளருக்கு, அதே தலைமுறை வண்டிக்குரிய, வலப்பக்கச் சாலைக்கான கூடு கிடைத்தால் அதையே போட்டுக் கொடுங்கள். இதைவிட நல்ல மேம்பாடு வேறில்லை.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் காருக்கு எச்.ஐ.டி. விளக்கு மாட்டினான். நீலம் கலந்த வெள்ளை ஒளி. இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான், வண்டியை நான் ஓட்டுகிறேன். எல்லோரும் என்னைப் பார்த்து பிரைட் அடித்துக் காட்டுகிறார்கள். எடுத்துவிட வேண்டுமா? (தன்லின் வாசகர்)

பதில்: ஆம், எடுத்துவிடுங்கள். எச்.ஐ.டி. என்பது இழை இல்லாமல், வாயுவுக்குள் பாயும் மின்வில்லால் ஒளிரும் பல்பு.

இந்தப் பதிலை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம். ஒரு வாடிக்கையாளர் வற்புறுத்திக் கேட்டதால், என் பட்டறையில் அவருடைய ஹாலஜன் கூட்டில் அப்படிப்பட்ட பல்பைப் பொருத்திக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து, மழைத் தூறலில், பெகுவுக்கு அப்பால் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அதே வண்டி எதிரே வந்தது. அது கடந்துபோகும் வரை சாலையும் ஓரமும் எனக்குத் தெரியவில்லை; வண்டியை நிறுத்திவிட்டேன். ஒளி விலகிய பிறகு பார்த்தால், இருபது அடி முன்னே விளக்கில்லாத மாட்டுவண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் நிறுத்தாமல் போயிருந்தால் அந்த ஏழைக் குடியானவரை என் வண்டி இடித்திருக்கும். அதற்கான ஒளியை மாட்டியவனும் நானே. மறுநாள் அந்த வாடிக்கையாளரை அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பழைய பல்பையே மாட்டினேன். அன்று முதல் எங்கள் பட்டறையில் அந்த வேலையை எடுப்பதில்லை.

எச்4 பல்பின் டிம் இழை தருவது ஏறத்தாழ 1000 லூமன் (லூமன் என்பது பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு). தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் 35 வாட் எச்.ஐ.டி. பல்பு ஏறத்தாழ 3200 லூமன் தரும். அத்தனை ஒளியை அடக்கி ஆள்வதற்காகவே அவ்வண்டிகளில் புரொஜெக்டர், சுமைக்கு ஏற்பத் தானே தாழ்ந்து உயரும் கருவி, கண்ணாடியைக் கழுவும் தெளிப்பான் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கிறார்கள். 2000 லூமனுக்கு மேற்பட்ட விளக்குக்குத் தானியங்கிச் சாய்வும் கழுவும் கருவியும் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் விதியில் நெடுங்காலமாக இருந்துவந்தது. பல்பை மட்டும் வாங்கி மாட்டுபவருக்கு இவற்றில் ஒன்றுமே கிடைப்பதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹாலஜன் ஒளி 3200 கெல்வின் அளவில் மஞ்சள் சாயலோடு இருக்கும், தொழிற்சாலை எச்.ஐ.டி. 4300 அளவில் இருக்கும்; கடையில் விற்பவை 6000, 8000 என்று நீலத்தை நோக்கிப் போகும். எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நிறத்தின் எண், வெளிச்சத்தின் எண் அன்று. அதே அளவு ஒளியில் நீலம் கூடக் கூடக் கண்ணுக்குக் கூச்சமும் எரிச்சலும் மிகும்.

கேள்வி: எனக்கு 67 வயது. மோல்மீனிலிருந்து தட்டோனுக்கு மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்குக் காரில் போய்வருகிறேன். எதிரே வரும் விளக்கைக் கண்டால் சில நொடிகள் ஒன்றுமே தெரிவதில்லை. இரவில் அணிவதற்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள்; அது உதவுமா? (மோல்மீன் வாசகர்)

பதில்: ஐயா, அந்தக் கண்ணாடியை வாங்க வேண்டாம். 2019இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், ஓட்டும் பயிற்சிப் பொறியில் மஞ்சள் கண்ணாடி அணிந்தவர்களைச் சோதித்தார்கள். எதிரே விளக்கு வரும்போது சாலையில் நடப்பவரைக் காண அது உதவவில்லை. கண்ணுக்கு வரும் ஒளியை அது மொத்தமாகக் குறைக்கிறது. கூசும் ஒளியோடு காண வேண்டிய ஒளியும் குறைந்துவிடுகிறது.

கூச்சம் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்தால் ஓட்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். பலமான ஒளி கண்ணுக்குள் நுழையும்போது, விழியின் தெளிவான பாகங்களிலேயே ஒரு பகுதி சிதறி, காட்சியின் மேல் மெல்லிய வெள்ளைத் திரை போட்டதுபோல் படிகிறது. அந்தத் திரையின் அடர்த்தி, விளக்கு நம் பார்வைக் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விலகல் இரண்டு மடங்கானால் திரை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே எதிர்வண்டியைப் பார்க்காமல், சாலையின் வலது ஓரக் கோட்டையோ புல்வரம்பையோ பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். சில பாகைகளே விலகினாலும் பெரிய வேறுபாடு தெரியும். உங்கள் வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால், அந்த ஓரம் உங்களுக்கு அருகிலேயே இருப்பது இதற்கு உதவும்.

முன்கண்ணாடியின் உட்புறத்தை வாரம் ஒருமுறை துடையுங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் கழுவுகிறோம்; உட்புறத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் புகையும்தான் எதிர் ஒளியை வட்டமாகப் பரப்புகின்றன. தேய்ந்த வைப்பர் இரப்பரையும் மாற்றுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கண் மருத்துவரைப் பாருங்கள். வயது ஏற ஏற விழிவில்லை மங்கி ஒளியைச் சிதறடிப்பது இயல்பு. கூச்சத்திலிருந்து மீளும் நேரமும் நீளும். ஆனால் சில நொடிகள் ஒன்றுமே தெரியவில்லை என்று நீங்கள் எழுதுவது கண்புரையின் தொடக்கமாக இருக்கக்கூடும். கண்புரை என்றால் அறுவை சிகிச்சையால் நீங்கக்கூடியது. மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை மகள் வீட்டுப் பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருவினர் வேனில் போனோம். திரும்பும்போது எதிரே வந்த ஒவ்வொருவரும் பிரைட் அடித்தார்கள். ஆனால் எங்கள் ஓட்டுநர் டிம்மில்தான் ஓட்டினார். காரணம் என்ன? (இன்செயின் வாசகி)

பதில்: அம்மா, வேனின் பின்பாதியில் பன்னிரண்டு பேர் அமர்ந்திருப்பீர்கள், பாத்திரங்களும் இருந்திருக்கும். பின்பக்கம் அமிழ, முன்பக்கம் நிமிர்ந்துவிட்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர் உள்ள வண்டியில், பின்பக்கம் இரண்டரை செண்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தாலே அந்த ஒரு விழுக்காட்டுச் சாய்வு முழுவதும் போய்விடும். நான்கரை செண்டிமீட்டர் அமிழ்ந்தால் டிம் ஒளி மேல்நோக்கியே போகும். சுமை ஏற்றும் வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங்கிற்கு அருகே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறிய சக்கரம் ஒன்று இருக்கும். ஆள் ஏறிய பிறகு அதை மேல் எண்ணுக்குத் திருப்பினால் விளக்கு தாழும். பல ஆண்டுகள் ஓட்டியவர்கள்கூட அது எதற்கு என்று கேட்டு நான் கண்டிருக்கிறேன். உங்கள் ஓட்டுநரிடம் அடுத்த பயணத்துக்கு முன் காட்டிக் கொடுங்கள். அந்தச் சக்கரம் வேலை செய்யாவிட்டால், விளக்குக்குப் பின்னால் உள்ள சிறிய மோட்டார் பழுதாகியிருக்கும்; மாற்றக்கூடியதுதான்.

கேள்வி: நாங்கள் கலோவில் இருக்கிறோம். குளிர்காலத்துப் பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு நல்லதா? (ஷான் மாநில வாசகர்)

பதில்: மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவும் என்பது பரவலான நம்பிக்கை. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன. மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவே. பனியில் உதவுவது விளக்கின் தாழ்ந்த இடம்: பம்பரின் அடியில், அகலமாகவும் தட்டையாகவும் ஒளி விழும்படி பொருத்துங்கள். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பனி விலகியதும் அவ்விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் கூடுதலாக இரண்டு எல்.இ.டி. விளக்குகள் மாட்டியிருக்கிறேன். தவறா? (தவுங்கூ வாசகர்)

பதில்: அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மேல் விளிம்பே கிடையாது, ஒளி எல்லாப் பக்கமும் போகும். பிரைட் போடும்போது மட்டும் எரியும்படி பிரைட் ஒயரோடு ரிலே வைத்து இணைத்துவிடுங்கள். எதிரே ஒருவர் தென்பட்டு நீங்கள் டிம் போட்டவுடன் அவையும் தாமாக அணைந்துவிடும்.

கேள்வி: விளக்கின் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. புதிய பல்பு போட்டும் வெளிச்சம் இல்லை. பற்பசையால் தேய்த்தால் போதுமா? (மாண்டலே வாசகர்)

பதில்: போதாது. ஓரிரு வாரம் தெளிவாகத் தெரிந்து பின் முன்னைவிட மோசமாகும். தொழிற்சாலையில் பூசிய புற ஊதாத் தடுப்புப் பூச்சு வெயிலில் சிதைந்துபோனதே மஞ்சளுக்குக் காரணம். 800, 1500, 2000 எண் தாள்களால் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, முடிவில் புற ஊதா தாங்கும் தெளிவான பூச்சை அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் மாண்டலே வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது. மங்கிய கண்ணாடி உங்களுக்கு வெளிச்சத்தைக் குறைப்பதோடு, உள்ளிருந்து வரும் ஒளியை மேலும் பக்கத்திலும் சிதறடித்து எதிரே வருபவரையும் கூச வைக்கிறது. எனவே இதை முடித்துவிட்டுச் சுவரில் சாய்வைப் பாருங்கள். கண்ணாடி தெளிந்த பிறகே ஒளி விளிம்பு கோடாகத் தெரியும், அப்போதுதான் திருத்தவும் முடியும்.